நாற்காலியில் மாட்டிய மாலை

அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: பெண், மாப்பிள்ளை, பெண்ணின் அம்மா, பெண்ணின் தாய்மாமா, அவருடைய மனைவி, மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, மாப்பிள்ளையின் அத்தை ஒருவர், ஐயர், ரெம்பியா பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரே வேனில் வந்த பதினொரு பேர், மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் மலாய்ப் பெரியவர், பிறகு நான். மொத்தம் இருபத்திரண்டு. மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன்.

எண்ணுவது என் வியாதி. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கணக்கில் எப்போதும் சிவப்பு மைதான். ஆனால் எண்ணாமல் இருக்க முடியாது. வீட்டைப் பூட்டினால் பூட்டை நாலு முறை இழுத்துப் பார்ப்பேன். கல்யாணத்துக்குப் போகும்போது பேட்டரி ஆறு, மெமரி கார்டு ஐந்து, கேமரா இரண்டு என்று கார் கிளம்பும்வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பேன். "ஒன்னும் ஆகாது லா" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் அப்படிச் சொல்லும்போதுதான் எனக்குப் பயம் அதிகமாகும்.

நூற்றைம்பது பேர் வரவேண்டிய கல்யாணம் அது. சித்திரை பிறந்து முதல் முகூர்த்தம். பஞ்சாங்கத்தில் அது இளவேனில். இங்கே அந்த மாதத்தில் விடியற்காலை சுமத்திராப் பக்கமிருந்து காற்றும் மழையும் கிளம்பி வரும், கொட்டிவிட்டுப் போய்விடும். அன்றைக்கு வந்தது போகவில்லை. கடல் ஏறியிருந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டதால் கடலோரச் செர்காமில் மண்டபத்துக்குப் போகும் சாலை ஏழு மணிக்கே தண்ணீருக்குள் போய்விட்டது. அதற்கு முன் வந்தவர்கள் நாங்கள் இருபத்திரண்டு பேர். மேளக்காரர்கள், சாப்பாட்டு லாரி, மற்ற சொந்தங்கள் எல்லாரும் தண்ணீருக்கு அந்தப் பக்கம்.

பெண்ணின் அம்மாவை முதலில் பார்த்தது கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால், பாச்சாங்கில் என் போட்டோக் கடையில். தனியாக வந்தார். பெரிய பொட்டு, தலையில் பூ, கழுத்தில் தாலிக்கொடி. விலை பேசினோம். முன்பணம் எண்ணி வைத்தார். எழுந்து போகும்போது சொன்னார்:

"குடும்பப் படத்துல என் பக்கத்துல ஒரு நாற்காலி காலியா வுடணும் தங்கச்சி."

எனக்கு உடனே புரிந்துவிட்டது, அல்லது புரிந்ததாக நினைத்தேன். எங்கள் தொழிலில் இது நடப்பதுதான். அப்பா தவறியிருப்பார். கல்யாணப் படத்தில் அவருக்கு இடம் விட்டு எடுப்போம். பிறகு பழைய படத்திலிருந்து அவரை வெட்டியெடுத்து அங்கே ஒட்டிவிடுவோம். ஐ.சி., அதாவது அடையாள அட்டைப் படத்துத் தலையை எடுத்து, கோட்டு போட்ட வேறு யாருடைய உடம்பிலோ வைத்துக் கொடுத்திருக்கிறேன். வாங்கிப் பார்த்து அழுதுவிட்டு, நிறம் கொஞ்சம் கறுப்பாக இருக்கிறது என்று குறையும் சொல்வார்கள்.

"அண்ணனோட படம் கொண்டாந்தீங்களா அக்கா? ஐ.சி. படம் இருந்தாலும் போதும், ஒட்டிருவேன்."

அவர் என்னைப் பார்த்தார். "எதுக்கு ஒட்டணும்? செத்தவங்களத்தானே ஒட்டுவாங்க?"



"அவரு வருவாரு. வந்தோன நீ அதே மண்டபத்துக்கு வந்து, அதே எடத்துல அவர உக்கார வச்சு எடுத்து, இந்தப் படத்துல சேக்கணும். முடியுமா, முடியாதா?"

முடியும். கேமரா அதே உயரத்தில், அதே தூரத்தில், நாற்காலி அதே இடத்தில் இருந்தால் முடியும். அதை மட்டும் சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். கணவர் அந்த ரெம்பியாத் தோட்டத்தில் செம்பனைப் பழ லாரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை செர்காமில் சின்னப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கத் தனியாகப் போனார். சாயங்காலம் படகு தானாகக் கரை சேர்ந்தது. அதில் அவருடைய சிலிப்பர் இருந்தது. காப்பி பிளாஸ்க் இருந்தது, காப்பி பாதி குடித்தபடி. அவர் இல்லை. பல நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காததால் சான்றிதழும் இல்லை, காரியமும் செய்யவில்லை.

"கல்யாணத்த வீட்டாண்ட கோயில்ல வச்சா அவருக்கு வழி தெரியாது. கடலுக்கு எதுக்கால வச்சா பாத்துட்டு வருவாரு லா," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று கடையைப் பூட்டும்போது பூட்டை ஏழு முறை இழுத்தேன்.

அவர் உயிரோடு இருப்பதாக வைத்துக் கல்யாணத்தை நடத்த மாப்பிள்ளை வீட்டார் சும்மா சம்மதிக்கவில்லை. புருஷன் உயிரோடு இருந்தால் அந்த அம்மா மணவறையில் நின்று பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கலாம். இல்லையென்றால், அவர்கள் வழக்கப்படி, தாய்மாமாவும் அவர் மனைவியும்தான் கொடுக்க வேண்டும். அந்த அம்மா பின்னால் எங்கேயாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். பேசிப் பேசி, "இருக்காருன்னு நீங்க சொன்னா நாங்க இல்லன்னு சொல்ல மாட்டோம்" என்ற இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். அவர் சார்பில் ஒரு நாற்காலியும், அதன்மேல் அவருடைய வேட்டியும். கல்யாணத்தன்று அந்த நாற்காலியை நம்பித்தான் அந்த அம்மா பொட்டோடு நின்றிருந்தார்.

மண்டபம் கடலுக்குள் தூண் நட்டு, மேலே பலகை அடித்துக் கட்டியது. கீழே தண்ணீர். அலை தூணில் மோதும்போதெல்லாம் யாரோ கைமுட்டியால் பலகையை அடியிலிருந்து தட்டுகிற மாதிரி இருந்தது. ஒரு தட்டு, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு இரண்டு தட்டு. எண்ணாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அத்தை என்னைப் பார்த்ததும், "ஆத்தாடி, பொம்பளப் புள்ளயா போட்டோ புடிக்குது? படம் விழுமா மா?" என்றார்.

"விழுந்தா எடுத்து வச்சிருவேன் அத்தை."

"வாய் இருக்கு, பொழச்சுக்குவ. சாப்பாட்டு லாரி எப்ப வருமுன்னு உன் கேமராவுல தெரியுதா பாரு."

தோட்டத்துப் பெண்கள் சிரித்தார்கள். மண்டபத்துப் பெரியவர், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிட்டவர், பெரிய கெத்தலில் காப்பி போட்டுப் பிஸ்கட்டோடு கொண்டுவந்தார். மேளத்துக்குப் பதில் தாய்மாமாவின் கைப்பேசியில் நாதஸ்வரம் ஓடியது. மழைச் சத்தத்தில் அது தூரத்து வீட்டுக் கல்யாணம் போலக் கேட்டது.

பெண்ணின் அம்மா வெள்ளை வேட்டியை மடிப்புக் கலையாமல் நாற்காலியில் வைத்தார். நாற்காலியின் நான்கு கால்களையும் சுற்றி நான் தரையில் மஞ்சள் டேப் ஒட்டினேன். கேமரா ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் ஒட்டினேன். உயரத்தையும் தூரத்தையும் அளந்து காகிதத்தில் எழுதிக்கொண்டேன். அந்த அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தார்.

"டேப்பு தண்ணியில போயிராதே?"

"போகாது அக்கா."

அரை மணி கழித்துப் பார்த்தால் நாற்காலி டேப்பை விட்டு இரண்டு விரல் தள்ளி இருந்தது, கடல் பக்கமாக. யாராவது இடித்திருப்பார்கள் என்று நேராக வைத்தேன். திரும்பி வந்தபோது மறுபடி இரண்டு விரல். பாக்சிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். "லந்தாய் செங்கெத்," தரை சாய்ந்திருக்கிறது என்றார். பழைய பலகை, அலை ஆட்டுகிறது, பயப்படாதே என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்போது மணவறைத் தட்டிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்று விழுந்து உருண்டது. அது கரைப் பக்கம் உருண்டது. வாசல்வரை போய் நின்றது. பாக்சிக் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கெத்தலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் செய்த தப்பு அதற்குப் பிறகுதான்.

பெண் மணவறைக்கு வந்து உட்கார்ந்தாள். ஐயர் கூறைப்புடவையைக் கொடுத்தார். அதை மாற்றிக்கொண்டு வர அவள் எழுந்தபோது கழுத்து மாலையைக் கழற்றி, அருகில் நின்ற என்னிடம் நீட்டினாள். "ஆன்ட்டி, கொஞ்சம் பிடிங்களேன்." ரோஜா மாலை; வரும் வழியில் நனைந்து கனமாக இருந்தது. என் ஒரு கையில் கேமரா. சன்னல் வழியாகச் சாரல் லென்ஸில் அடித்தது. துடைக்க வேண்டும், கை இல்லை. மாலையைத் தரையில் வைக்கக்கூடாது. பக்கத்தில் ஒரு நாற்காலியின் முதுகு தெரிந்தது. மாட்டினேன்.

அவ்வளவுதான். லென்ஸைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் எல்லாரும் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மடித்த வேட்டி, அதற்கு மேலே, மனிதனுக்கு மார்பு வருகிற உயரத்தில், மாலை. வீட்டுச் சுவரில் மாட்டிய படத்துக்குப் போடுகிற மாதிரியே தொங்கியது. நுனியிலிருந்து தண்ணீர் வேட்டியில் சொட்டியது. அந்த நேரம் பார்த்துத் தாய்மாமாவின் கைப்பேசி பேட்டரி தீர்ந்து நாதஸ்வரமும் நின்றது. பலகைக்கு அடியில் தட்டுகிற சத்தம் மட்டும். என் விரல் எப்போது அழுத்தியது என்று தெரியாது. கேமராவில் ஒரு படம் விழுந்திருந்தது.

"அடிப் பாவி," என்றார் அத்தை. சத்தமாகக்கூட இல்லை. "மாலையே போட்டுட்டா."

பெண்ணின் அம்மா வந்தார். மாலையை எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று அவர் சுற்றிப் பார்த்ததை நான் பார்த்தேன். சன்னல் திறந்திருந்தது, வெளியே கடல். இரண்டு அடி வைத்தவர் நின்றுவிட்டார். கடலில் பூவைப் போடுவது அஸ்தி கரைத்த பிறகு செய்கிற காரியம். மேசையில் வைத்தால் இன்னொருவர் தொட வேண்டும், யாரும் தொட மாட்டார்கள். கடைசியில் மாலையைத் தன் இடது முழங்கையில் மாட்டிக்கொண்டார்.

பெண் புடவை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நடந்தது அவளுக்குத் தெரியாது. ஐயர் தண்ணீர்ச் செம்பை எடுத்து வைத்தார்.

"சம்பந்தி," என்று அத்தை எழுந்தார். "கோவிச்சுக்காதீங்க. இனிமே உங்க தம்பியும் அவரு சம்சாரமும் நின்னா நல்லது. சகுனமே சொல்லிருச்சு."

தாய்மாமா தலையைக் குனிந்தபடி ஓர் அடி முன்னால் வந்துவிட்டார்.

"எதுக்கு?" என்றார் அந்த அம்மா. "அந்தப் பொண்ணு மாலைய காய வச்சுச்சு. நனைஞ்சத நாற்காலியில காய வைக்கிறது உலகத்துல இல்லாததா? எங்க வீட்டுல அவரு துண்டு, சட்டை எல்லாம் நாற்காலியிலதான் காயும். எத்தன தடவ திட்டியிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. "நேரம் போவுது மா," என்றார் ஐயர், யாரையும் பார்க்காமல்.

மாப்பிள்ளை அதுவரை வாயே திறக்காத பையன். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான். "அம்மா, நீங்களே ஊத்துங்க."

அவர் ஊற்றினார். மாலையின் கனம் கையை இழுத்ததில் தண்ணீர் ஒழுங்காக விழவில்லை. பாதி தரையில் போனது. முழங்கையில் தொங்கிய மாலையும் சொட்டிக்கொண்டே இருந்தது. எது செம்புத் தண்ணீர், எது மாலைத் தண்ணீர் என்று தெரியவில்லை. நான் எடுத்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன். கண்ணைக் கேமராவிலிருந்து எடுத்தால் யாராவது என்னைப் பார்ப்பார்களே என்று பயம்.

தாலி கட்டியாயிற்று. பெட்டியில் இருந்த வேறு ஜோடி மாலையை மாற்றிக்கொண்டார்கள். பிறகு குடும்பப் படம். நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும். பெண்ணுக்கு இந்தப் பக்கம் அவள் அம்மா, கையில் அந்த மாலை. அம்மாவுக்குப் பக்கத்தில் வேட்டி வைத்த நாற்காலி. அதற்கு அப்பால் மாப்பிள்ளை வீட்டார் வந்து வரிசையை முடிக்க வேண்டும். முன்கூட்டியே அப்படித்தான் பேசியிருந்தோம். யாரும் வரவில்லை. எல்லாரும் மாப்பிள்ளைப் பக்கத்திலேயே நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்களேன், படம் ஒரு பக்கமா சாயுது."

"சாஞ்சா சாயட்டும் மா, நீ எடு," என்றார் அத்தை.

தோட்டத்து ஆட்கள் பதினொரு பேரும் அந்த அம்மாவுக்குப் பின்னால் நின்றார்கள். நாற்காலிக்குப் பின்னால் மட்டும் யாரும் இல்லை. சன்னலும் வெள்ளைக் கடலும்தான். கேமரா வழியாகப் பார்த்தபோது நாற்காலி டேப்பை விட்டு ஒரு சாண் தள்ளி இருந்தது. கடல் பக்கமாக. நான் போய் நேராக வைத்திருக்க வேண்டும். அதற்காகத்தானே டேப்பே ஒட்டினேன். என்னால் அதைத் தொட முடியவில்லை. அப்படியே எடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மதியத்துக்கு மேல் தண்ணீர் வடிந்தது. நான் சாமான்களை எண்ணி, கேமராப் பைகளைக் காரின் பின்சீட்டில் ஏற்றும்போது அந்த அம்மா வந்து மாலையை நீட்டினார். கோபமில்லை. களைப்புதான்.

"நீ போட்டது. நீயே கொண்டு போயிரு."

முன்சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பெரிய சாலைக்கு வருவதற்குள் டிங் டிங் என்று சத்தம். பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடவில்லை என்றால் என் கார் அப்படித்தான் அடிக்கும். சீட்டில் மாலையைத் தவிர ஒன்றும் இல்லை. காரை ஓரமாக நிறுத்தி, மாலையை எடுத்துப் பின்னால் வைத்தேன். சத்தம் நிற்கவில்லை. சீட் முழுக்க ஈரம். கையை வைத்துப் பார்த்தேன். மாலை பட்ட இடம் மட்டுமல்ல, முதுகு சாயும் இடமும் ஈரம்.  பிறகு எட்டி, காலி சீட்டுக்குப் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டேன். சத்தம் நின்றது.

வீட்டுக்காரருக்குப் போன் அடித்தேன். "எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான் லா. ஏன்?"

"சும்மா. வெளிய போகாதீங்க."

"கல்யாணத்துக்குப் போனியா, வேற எங்கயும் போனியா?" என்று சிரித்தார். பாச்சாங் வரும்வரை அவரைப் பேசவைத்துக்கொண்டே ஓட்டினேன். பக்கத்து சீட்டைப் பார்க்கவில்லை. ஈரம் பட்டால் அந்த மணி அப்படி அடிக்கும் என்று பிறகு ஒர்க்‌ஷாப்காரர் சொன்னார். இருக்கலாம்.

மாலை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. குப்பையில் போட முடியாது, தண்ணீரிலும் விட முடியாது. காய்ந்து கறுத்து, கடையில் திரைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பையில் தொங்குகிறது. தானாக விழுந்த அந்தப் படமும் அப்படித்தான். எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். வெளிச்சம், பூ, சொட்டு, எல்லாம் தெளிவாக இருந்தன. அழிக்கப் போனால் ஒரு ஆளை அழிக்கிற மாதிரி இருக்கிறது. வைத்திருந்தால் ஒரு ஆளை அடக்கம் செய்த மாதிரி இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்துப் பெண் மட்டும் கடைக்கு வந்தாள். படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவள் அந்தப் படத்தில் நின்றுவிட்டாள். ஒளித்து வைக்க மறந்துபோனேன்.

"இத சின்னதா ஒன்னு பிரிண்ட் போட்டுக் குடுங்க ஆன்ட்டி. அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

அடுத்த படத்துக்குத் தள்ளிவிடக் கையை நீட்டினேன்.

"அப்பா இல்லன்னு எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும் லா. எனக்குக் கும்புடறதுக்கு ஒரு படம் வேணும், அவ்ளோதான்." கைப்பையைத் திறந்து நோட்டுக் கட்டை மேசையில் வைத்தாள். "மீதியும் நானே கட்டிர்றேன். ஆல்பத்த முடிச்சிருங்க."

படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவர் அவளுடைய அப்பா; வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் பணத்தைத் தொடவில்லை. அது அவள் அம்மாவோடு பேசியது, அம்மாதான் கொடுக்க வேண்டும் என்றேன். நோட்டுக் கட்டைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஏனென்றால் அந்த அம்மா மாதம் ஒரு தடவை போன் பண்ணுகிறார். செர்காமுக்குப் பஸ் பிடித்துப் போகிறாராம். பாக்சிக் கதவைத் திறந்துவிடுவாராம். "டேப்பு இன்னும் இருக்கு தங்கச்சி. ஒரு மூல மட்டும் கிளம்பியிருந்துச்சு, நானே ஒட்டிட்டு வந்தேன்" என்பார். படம் எடுத்தபோது நாற்காலி அந்த டேப்பில் இல்லை என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சு:

"படம் இன்னும் முடியல இல்ல? அவரு வந்து உக்காந்தாத்தான முடியும். முடிஞ்சோன மீதிய தர்றேன். நீ ஒன்னும் நெனச்சுக்காத."

"ஒன்னும் நெனச்சுக்கல அக்கா. மெதுவா குடுங்க."

கடை வாசலில் நிழல் விழும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறேன். அந்த அம்மா பொட்டில்லாமல் வந்து, கைப்பையைத் திறந்து, எண்ணி வைத்துவிடுவாரோ என்று பயம். இன்றுவரை வரவில்லை. இன்றுவரை மீதி தொள்ளாயிரத்து ஐம்பது வெள்ளி.